சுங்குவார்சத்திரத்தில் ஒரு பிஸ்கட் டப்பா

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் இரவு திண்டுக்கல்லில் ரயில் ஏறி, விடியற்காலை ஐந்தரை மணிக்குச் செங்கல்பட்டில் இறங்கினேன். அரையாண்டு விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வேன் பிடித்து மூணாறு போயிருந்தார்கள். எனக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருந்தார்கள். நான் வரவில்லை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறேன் என்றதும், "அங்க கம்பெனியத் தவிர பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்று தமிழாசிரியை கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உண்மையான காரணம் வேறு. என் அக்கா மகள் ஜெனிட்டா சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி, மின்னணுப் பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அவள் வரவில்லை. அம்மாவிடம் ஓ.டி., கூடுதல் நேர வேலை என்று சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும் போனில் அழுதாள். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. தீபாவளியிலிருந்து மூன்றாவது முறை. மாத்திரை போட்டால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு திரும்பி வந்துவிடுகிறது. இந்த முறை அடங்கவே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க சித்தி. சொன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க" என்றாள். அக்கா அப்படிச் செய்யக்கூடியவள்தான். இந்த வேலைக்கு அனுப்பவே அவளிடம் ஒரு வருடம் மன்றாட வேண்டியிருந்தது. நான் விலங்கியல் டீச்சர் என்பதால் எங்கள் குடும்பத்தில் பாதி டாக்டர். மாட்டுக்கு மடி வீங்கினால்கூட எனக்குத்தான் போன் வரும். இந்தப் போன் வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டியே கொளவாய் ஏரி. வெளுக்க ஆரம்பித்த நேரத்தில் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. மழை இந்த வருடம் வஞ்சகம் செய்யவில்லை. நடைமேடையில் தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு காரியமாக வந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

ஆறரைக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பெருமாள்கோவிலில் பெரிய சாலையை விட்டுத் திரும்பியதும் ஊரின் முகமே மாறிவிடுகிறது. எதிரே ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் கழுத்தில் அடையாள அட்டை. புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு லாரிகள் ஊர்ந்து போகின்றன. ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்டி வல்லம் வடகால் வரும்போது, ஒரு கம்பெனி மதிலுக்கும் அடுத்த கம்பெனி மதிலுக்கும் நடுவில் திடீரென்று ஒரு துண்டு நெல்வயல். நாற்று நட்டுச் சில நாள்தான் ஆகியிருக்கும். அதில் கொக்குகள் ஷிப்டுக்கு வந்ததுபோல வரிசையாக நின்றன.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, பெங்களூர் சாலையில் இன்னும் ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சுங்குவார்சத்திரம். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் டீக்கடைகள், செல்போன் கடைகள், சின்னச் சின்ன லாட்ஜுகள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, குளித்து, ஒன்பது மணிக்கு ஹாஸ்டலுக்குப் போனேன்.

ஜெனிட்டா இளைத்திருந்தாள். சிரித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். ஆனால் நடக்கும்போது ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டே நடந்தாள். அறையில் இரும்புக் கட்டில்கள், கொடியில் சீருடைகள், ஜன்னலில் இன்னும் கழற்றாத காகித நட்சத்திரம். அவளோடு செல்வி என்ற பெண் இருந்தாள். திருத்தணிப் பக்கத்துப் பெண், ஜெனிட்டாவின் ஷிப்ட், அதே லைன். அந்த வாரம் அவர்களுக்கு மாலை ஷிப்ட்; ஜெனிட்டா லீவு போட்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

ரயில் தூக்கத்தில் தலை வலிக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். செல்வி உடனே எழுந்தாள்.

"இருங்க மேடம், நம்ம மெடிக்கல்ல கீது" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீல நிற பிஸ்கட் டப்பாவை இழுத்தாள்.

திறந்தாள். எனக்குத் தலைவலி போய்விட்டது. டப்பா நிறைய மாத்திரை அட்டைகள். எல்லாம் பாதி தின்ற அட்டைகள். இனம் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் செருகி, 'ஜொரம்', 'சளி', 'பல்லு', 'யூரின்' என்று பால்பேனாவில் எழுதியிருந்தார்கள். அவ்வளவு நறுவிசாக என் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில்கூட எதுவும் இருந்ததில்லை.

விசாரித்ததில் அந்த அறையின் வழக்கம் புரிந்தது. யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் நெடுஞ்சாலையில் உள்ள மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவார்கள். இரண்டு நாள் போட்டுக் குணமானதும் நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்து வருகிறவளுக்கு உதவும். புதிதாக ஒரு பெண் அறைக்கு வந்தால் முதல் நாளே பாத்ரூமையும் இந்த டப்பாவையும்தான் காட்டுவார்களாம். மிச்சத்தையும் தானே விழுங்கிவிடுகிறவளுக்கு 'கஞ்சம்' என்று பெயர்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ள இப்படி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த அன்பை எப்படித் திட்டுவது? ஆனால் மூன்று முறையும் ஜெனிட்டா போட்டது அந்த 'யூரின்' கட்டிலிருந்துதான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெண் விட்டுவைத்த மிச்சம்.

பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடத்தை நான் எத்தனையோ வருடமாக நடத்துகிறேன். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை வரைவேன். கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று கரும்பலகையில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகப் போடுவேன். பின்பெஞ்சு கொட்டாவி விடும். அது இந்தக் கட்டிலுக்கு அடியில், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் நடந்து முடிந்திருக்கிறது. வயலில் களை எடுக்கும்போது கைக்கு வருவதை மட்டும் பிடுங்கிவிட்டுக் கோரையை விட்டுவைத்தால் அடுத்த போகத்தில் வயல் முழுக்கக் கோரைதான் நிற்கும். பாதி மாத்திரையும் அப்படித்தான். நோஞ்சான் கிருமி சாகும். முரட்டுக் கிருமி பிழைத்து, தன்னைப் போலவே குட்டி போடும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கும் பதில் கிடைத்தது. லைனில் உட்கார்ந்தால் நினைத்தபோது எழுந்திருக்க முடியாது. கையைத் தூக்க வேண்டும். 'ரிலீவர்' என்று ஓர் ஆள் இருப்பார். அவர் வந்து நம் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் பாத்ரூம் போகலாம். ஒரு வரிசைக்கே ஒரு ரிலீவர்தான். கையைத் தூக்கினால் சூப்பர்வைசர் பார்க்கிறார், பக்கத்துப் பையன்கள் பார்க்கிறார்கள். அதனால் பிள்ளைகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். தண்ணீரே குடிப்பதில்லை. செல்விதான் ஜெனிட்டாவின் வரிசைக்கு ரிலீவர் என்பதை அப்போதுதான் சொன்னாள்.

"ஒரே நேரத்துல நாலு பேர் கை தூக்குவாங்க மேடம். இவ தூக்கவே மாட்டா. நானும் சரி, இவளுக்கு வேணாம் போலன்னு வுட்டுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள்.

பதினொரு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். செல்வியும் கூட வந்தாள். டாக்டருக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சிரிக்கிற முகம் இல்லை. என்னென்ன மாத்திரை போட்டாய் என்று அவர் கேட்டதும், ஜெனிட்டா விழித்தாள். செல்வி பையிலிருந்து பிஸ்கட் டப்பாவையே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். பெருமையாகத்தான் வைத்தாள்.

டாக்டர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு மூடியை மெதுவாக மூடினார்.

"இது மெடிக்கல் இல்லம்மா. கிருமிக்கு டியூஷன் சென்டர்" என்றார். செல்விக்கு முகம் விழுந்துவிட்டது. அவளைப் பார்த்ததும் டாக்டரே குரலைத் தணித்து, நல்ல மனசோட செஞ்சதுதான், ஆனா தப்பு என்றார்.

சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொன்னார். அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்கு அசையவில்லை என்று பார்ப்பது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு ரிசல்ட். அதுவரைக்கும் எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாது. வலிக்கு ஒரு மாத்திரை, நிறையத் தண்ணீர், ஓய்வு. ஆனால் காய்ச்சலோ, குளிர் நடுக்கமோ, விலாவில் வலியோ வந்தால் ஒரு நிமிடம் காத்திருக்கக் கூடாது. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

எந்த மாத்திரைக்குமே கேட்கவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

"அப்ப ஊசிதான். அட்மிட் பண்ணி நரம்புல ஏத்தணும். அதுலயும் இப்ப எல்லாம் வேலை செய்றதில்ல. முதல்ல ரிசல்ட் வரட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் ஜெனிட்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அட்மிட் என்றால் அம்மாவுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரி என்ற சொல் அக்கா காதில் விழுந்தால், குணமாகும்போது வேலை இருக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அறையில் அவளையும் என்னையும் அடைத்துவைத்தால், மணிக்கு ஒரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தே அவளைக் கொன்றுவிடுவேன். காற்றாட எங்காவது போகலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். அலையாமல், தண்ணீர் பாட்டிலோடு போகலாம் என்றிருந்தார். ஒன்பதரை மணிக்கு ஓர் ஆட்டோ பேசினேன். அரை நாளுக்கு அறுநூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் தனசேகர், பென்னலூர்க்காரர். கம்பெனியைத் தவிர வேறு எதையாவது காட்டுங்கள் அண்ணே என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்க ஊரு ஏரிய பாக்குறியா மேடம்? வேற இன்னா கீது இங்க" என்றார்.

முதலில் நான் பஸ்ஸில் பார்த்த வல்லம் வடகால் வயலுக்கு விடச் சொன்னேன். சுற்றுவழிதான். அலுத்துக்கொண்டே விட்டார். கிட்டப் போய்ப் பார்த்தபோது கொக்குகளோடு ஒரு கரிச்சான் குருவியும் மின்கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. வயல்காரர் வரப்பில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மருந்து அடிப்பீர்களா என்று கேட்டதற்கு, ஒரு தரம் அடிப்பதோடு சரி, பாக்கியை இதுங்க பார்த்துக்கும் என்று கொக்குகளைக் கைகாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். சம்பளம் வாங்காத வேலையாட்கள் அந்தத் தொழிற்பேட்டையில் அவைதான்.

பென்னலூர் ஏரிக்கு வர பதினொன்றரை ஆகிவிட்டது. கரைமேல் ஏறியதும் ஜெனிட்டா, "சித்தி, இம்புட்டுத் தண்ணியா!" என்றாள். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஹாஸ்டலையும் லைனையும் தவிர எதையும் பார்த்ததில்லை. அக்கரையில் தொழிற்சாலைக் கூரைகள் வெயிலில் மின்னின. இக்கரையில் சம்புப்புல் அடர்ந்து நின்றது. நடுத்தண்ணீரில் நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மிதந்தன. முக்குளிப்பான் ஒன்று இங்கே முங்கி எங்கேயோ எழுந்தது. தூரத்தில் கூழைக்கடாக்கள் வெள்ளை மூட்டைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

தனசேகர் ஏரியைப் பற்றிச் சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் யாரோ மனை போட்டவர்கள் கட்டட இடிபாட்டைக் கொட்டி வரத்துக் கால்வாயை மூடிவிட்டார்களாம். அந்த மழையில் தண்ணீர் ஏரிக்கு வர வழியில்லாமல் இவர்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. முழங்கால் அளவு. பிறகு ஊரே கூடிச் சண்டை போட்டுக் கால்வாயைத் தோண்டினார்கள். இந்த வருடம் அதே அளவு மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"ஏரி கீது, அதனால எங்க வூடு கீது" என்றார்.

இந்த ஏரி இல்லாவிட்டால் சுற்றிலும் உள்ள கிணறும் போரும் வற்றிப்போகும். ஜெனிட்டாவின் ஹாஸ்டலுக்கு லாரியில் வருகிற தண்ணீரும் இப்படி ஏதோ ஓர் ஏரி தரையில் இறக்கியதுதான். நாமக்கோழிக்கும் சம்புக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை. நானும் அன்றுவரை சொன்னதில்லை.

நாங்கள் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை அவர் கேட்டிருக்க வேண்டும். தன் பங்குக்கு ஒரு வைத்தியம் சொன்னார். வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். கோழிக்குச் சளி பிடித்தால், தனக்குச் சளிக்குக் கொடுத்த கேப்சூலில் மிச்சம் இருப்பதை உடைத்துக் கம்பில் கலந்து போட்டுவிடுவாராம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கோழியின் வயிற்றிலும் அதே டியூஷன் நடக்கும், எச்சம் மழையில் ஏரிக்கு வரும், அங்கிருந்து எங்கெங்கோ போகும் என்று பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆனா கோழி பொழச்சிக்கிச்சே மேடம்" என்றார். ஜெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்தது அப்போதுதான்.

கரையோரச் சேற்றில் குந்தி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பார்த்தேன். ஆன்டிபயாடிக்குகளில் பலவற்றை மனிதன் இந்த மண்ணிடமிருந்துதான் எடுத்தான். மண்ணுக்குள் கிருமிகள் ஒன்றை ஒன்று விரட்ட விஷம் சுரக்கின்றன. அந்த விஷத்துக்குத் தப்பிக்கவும் சில கற்றுக்கொள்கின்றன. நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நடக்கிற சண்டை இது. மருந்துக் கடையும் அதுதான், மருந்துக்கு அடங்காத கிருமியின் பிறந்த வீடும் அதுதான். இப்படி ஓர் ஏரியைத் தூர்த்தால் எந்த மருந்தைத் தூர்க்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் என் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

"சித்தி, எனக்குக் குளுருது" என்றாள் ஜெனிட்டா.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, உதடு நடுங்க நின்றாள். எனக்கு ஏரி, பறவை, பாடம் எல்லாம் ஒரே நொடியில் மறந்துபோனது. கைப்பையைக் கவிழ்த்து வெப்பமானியைத் தேடி எடுத்து, அவளை ஆட்டோவுக்குள் உட்கார வைத்து அக்குளில் செருகினேன். தனசேகர் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பி நிறுத்தி, சாவியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சில நிமிடங்களில் மாதாவுக்கு நான் என்னவெல்லாம் நேர்ந்துகொண்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் செய்ய வேண்டியிருக்கும்.

வெப்பமானி பீப் என்றது. தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. விலாவைத் தட்டிப் பார்த்தேன். வலியில்லை. தனசேகர் ஆட்டோவின் பக்கத்துத் திரையை அவிழ்த்துவிட்டார். காற்று நின்றதும் நடுக்கமும் நின்றது. மார்கழிக் காற்று கரைமேல் ஊசியாக வீசிக்கொண்டிருந்தது. நான் முழுக்கைச் சுவெட்டரில் நின்றதால் எனக்கு உறைக்கவில்லை. அவள் மெல்லிய சுடிதாரில் வந்திருந்தாள். சுவெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, போனில் டாக்டரிடமும் சொன்னேன். இன்னும் இரண்டு முறை பாருங்கள், ஏறினால் உடனே வாருங்கள் என்றார். ஏறவில்லை. திரும்பி வரும் வழியில் தனசேகர் டீ வாங்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு டாக்டரின் அறையில் செல்வியோடு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ரிப்போர்ட்டை அவர் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார்.

"இதுக்குக் கேக்கல. இதுக்கும் கேக்கல. இதுவும் இல்ல" என்று ஒவ்வொரு மருந்தின் பெயராகப் படித்தார். எல்லாம் டப்பாவில் இருந்த பெயர்கள். செல்வி ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டே போனாள். ஜெனிட்டா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது. டாக்டரின் விரல் பாதிப் பக்கத்தைத் தாண்டியது. நான் அக்காவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைக்க ஆரம்பித்துவிட்டேன்.

விரல் நின்றது.

"இதுக்குக் கேக்குது. நல்லாவே கேக்குது" என்றார் டாக்டர். முதல் முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு மிகவும் நன்றாக இருந்தது.

அது ஒரு பழைய மாத்திரை. என் அம்மா காலத்து மருந்து என்றே சொல்லலாம். புதுசு புதுசாக வந்ததும் இதை எழுதுவது குறைந்துவிட்டதாம். "நாங்க ரொம்ப நாளா இத அதிகமா குடுக்கல. அதான் கிருமி இதுக்குப் பழகல" என்றார். ஊசி வேண்டாம், அட்மிஷன் வேண்டாம். காலையும் இரவும் சாப்பிட்டபின் ஒவ்வொன்று, ஐந்து நாள். சிறுநீர் கரும்பழுப்பாகப் போகும், பயப்படக் கூடாது. பிறகு ஜெனிட்டாவை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு நாள்ல உனக்கு எல்லாம் சரியாப் போயிடும். அங்கதான் நீ ஏமாறுவ. கடைசி மாத்திரை வரைக்கும் நீயே சாப்புடணும். யாருக்கும் மிச்சம் வைக்கக் கூடாது."

வெளியே வந்தேன். படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை. பக்கத்துக் கடையில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளில் முதல் முறையாகப் பசித்தது. செல்வியும் நானும் ஆளுக்கு நான்கு தின்றோம். ஜெனிட்டாவுக்கு இட்லியும் மாத்திரையும் தண்ணீரும்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் செல்வி டப்பாவைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று பின்பக்கச் சாக்கடைக்குப் போனாள். கொட்டப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தச் சாக்கடையும் கடைசியில் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போகிறது. கிளினிக்கிலேயே கொடுத்துவிடலாம், மருத்துவக் கழிவோடு எடுத்துப் போய்விடுவார்கள் என்று போன் செய்து கேட்டுச் சொன்னேன். காய்ச்சல் மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் என் வெப்பமானியும் மட்டும் டப்பாவில் தங்கின. ஷிப்ட் முடிந்து வந்த மற்ற பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. திடீரென்று உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தி முறைத்தாள். நியாயமான கேள்விதான். டாக்டரின் நேரத்தை மூடியில் எழுதி ஒட்டினோம்.

தண்ணீர் விஷயம் பாக்கி இருந்தது. கம்பெனியில் போய்ச் சண்டை போடலாமா என்றேன். ஜெனிட்டா வேண்டாம் என்று கெஞ்சினாள். நடுவில் செல்வி புகுந்தாள்.

"நீ கை தூக்காட்டியும் நான் வந்து நிப்பேன். தண்ணி பாட்டில் காலியாவலன்னா எழுப்பி அனுப்பிடுவேன்" என்றாள். சூப்பர்வைசரிடமும் அன்றே பேசினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்ன பேசினாள் என்று தெரியாது.

அன்று மாலை ஜெனிட்டாவே அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா அவளை ஒன்றும் சொல்லவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி என்னைத்தான் கால் மணி நேரம் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, பொங்கலுக்கு வரச்சொல், வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒழுங்காக வரட்டும் என்றாள். லீவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. லீவு என்றால் திரும்பிப் போகலாம்.

அடுத்த நாள் காலை செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். தனசேகர் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். கோழிகளுக்கு இனி கால்நடை மருத்துவரிடம்தான் கேட்பேன் என்று தானாகவே சொன்னார். நம்பினேன் என்று சொல்ல முடியாது. வல்லம் வடகால் வயலில் கொக்குகள் அதே வரிசையில் நின்றன. எங்கள் வத்தலகுண்டில் பென்னலூர் ஏரியைவிடப் பெரிய கண்மாய் இருக்கிறது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு அதன் கரையில்தான் போகிறேன். ஒரு நாளும் வண்டியை நிறுத்திப் பார்த்ததில்லை. வந்து சேர்ந்த அன்றே நிறுத்திப் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த மருந்துக் கூடையை எடுத்துத் தரையில் கொட்டினேன். ஹாஸ்டல் டப்பாவுக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். அதில் காகிதம் செருகி இனம் பிரித்திருந்தார்கள்.

ஐந்து நாளும் ஜெனிட்டா காலையும் இரவும் செய்தி அனுப்பினாள். மூன்றாம் நாள், எரிச்சல் சுத்தமாக இல்லை, வலியும் இல்லை என்று எழுதியிருந்தாள். அன்றுதான் எனக்குப் பயம் கூடியது. அந்த அறையில் அவள் இதுவரை கற்றதெல்லாம் அந்த நாளில் நிறுத்தத்தான்.

ஆறாம் நாள் பள்ளி திறந்திருந்தது. ஆசிரியர் அறையில் மூணாறுப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் போனுக்கும் ஒரு படம் வந்தது. காகித நட்சத்திரம் தொங்கிய அதே ஜன்னலில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த ஒரு மாத்திரை அட்டை. கீழே செல்வி எழுதியிருந்தாள்: 'மேடம், ஒண்ணுகூட மிச்சமில்ல. இவ சரியான கஞ்சம்.'

தமிழாசிரியை எட்டிப் பார்த்து, இதுதான் நீங்கள் போன இடமா என்றார். ஆமாம் என்றேன். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் காலி.